பின்னல் ஆலையை அமெரிக்கர் வாங்கிய மாதம்

3.11.86, திங்கள், இக்காஸ்ட், டென்மார்க்
மழை, காற்று. ஆலையில் காலை முழுக்கச் சுத்தம் செய்கிற வேலை. புதன்கிழமை அமெரிக்கர் வருகிறார்கள். அவர்கள் வாங்காவிட்டால் தை மாதம் ஆலை மூடல் என்றார் ஃபோர்மன். பக்கத்து மெசினில் நிற்பவர் கிர்ஸ்டன், இந்த ஊர் மனுசி, இருபத்தாறு வருடமாக இங்கே. ஜன்னல் துடைத்தபடி: "என்ர வீட்டிலயே இப்பிடித் துடைச்சதில்லை."
வாங்க: அரிசி, சவர்க்காரம், முத்திரை.

5.11, புதன்
நாலு பேர். வாசலில் இரண்டு நாட்டுக் கொடியும். நகரசபைத் தலைவர் வெறுங்காணியைக் காட்டுகிறார், புது ரோட்டைக் காட்டுகிறார், தானே கோப்பி ஊற்றுகிறார்.
கண்ணாடி போட்ட அமெரிக்கர் ஒருவர் விலகி எங்கள் பக்கம் வந்தார். கிர்ஸ்டனுக்கு இங்கிலீஷ் வராது. நான் மொழிபெயர்த்தேன்.
ஓராள் எத்தனை மெசின் பார்க்கலாம்?
"ரெண்டு. மேல போனால் துணி பழுதாப்போகும்" என்றார் கிர்ஸ்டன். அப்படியே சொன்னேன்.
நீ எத்தனை பார்க்கிறாய் என்று அமெரிக்கர் என்னைக் கேட்டார்.
நாலு என்றேன். உண்மை. வேலை நிரந்தரமாக வேண்டுமென்று நானே கேட்டு எடுத்தது. குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.
"உன்னட்டை என்ன கேட்டவர்?" என்றார் கிர்ஸ்டன்.
"குளிர் பழகிட்டுதோ எண்டு."
ஏன் பொய் சொன்னேன்? தெரியாது.

20.11, வியாழன்
வாங்கிவிட்டார்கள். ஊர் பிழைத்தது என்று பேப்பரில். கன்டீனில் கேக். என் அறையில் கூட இருக்கிற சூசை அண்ணை: "இனியென்ன, மனிசியை இங்க கூப்பிடுற அலுவலைப் பார்."
ஓம் என்றேன். சந்தோஷம் வரவில்லை. தடிமன், மூக்கடைப்பு.

28.11, வெள்ளி
இனி ஆளுக்கு நாலு மெசின். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு வேலை நீக்கக் கடிதம். கிர்ஸ்டனுக்கும். எனக்கு இல்லை.
சாப்பாட்டு நேரம் கிர்ஸ்டனிடம் போனேன். அன்று கேட்டது, நான் சொன்னது, எல்லாம் சொன்னேன்.
சாப்பிட எடுத்த பாணைத் திரும்பச் சுற்றி வைத்தார்.
"நீ நாலு பாக்கிறது எனக்குத் தெரியாதோ? பக்கத்திலதானே நிக்கிறன். குளிர் எண்டு சொன்னாயே..." முடிக்கவில்லை.
எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

1.12, திங்கள்
பனி. பஸ் பிந்தியது. என் நாலில் பழைய இரண்டு மெசினைக் கழிக்கிறார்கள். கிர்ஸ்டனுடைய இரண்டும் எனக்கு. வேலையைக் காட்டிக்கொடுக்கும்படி அவரிடமே சொல்லியிருக்கிறார் ஃபோர்மன்.
காட்டினார். இடப்பக்க மெசினில் நூல் அறுவதற்கு முன்னம் சத்தம் மாறுமாம்.
"இப்ப. கேக்குதோ?"
ஒன்றும் கேட்கவில்லை. ஓம் என்று சொல்ல வாய் வந்தது.
"இல்லை" என்றேன்.
கிர்ஸ்டன் மெசினை நிறுத்தினார். "இன்னொருக்காக் கேள்" என்றார். திரும்பப் போட்டார்.