உயர்தர வகுப்பின் முதல் பிள்ளை

தும்மினால் ஏழு மலைக்கும் கேட்கும் என் அன்பு மச்சானுக்கு,

அங்கே சௌக்கியமா? இங்கே நம் பள்ளிக்கூடம் மூன்று மாடிக்கு உயர்ந்துவிட்டது. உச்சியில் நின்றால் பலாபத்வல சந்தியில் யார் யாரோடு கோபம் என்றுகூடத் தெரிகிறது. தகரக் கொட்டகையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளிக்கூடம்! இப்போது உயர்தர வகுப்பில் இடமில்லாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். நம்புவீர்களா?

திறப்பு விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சும்மா விடுவேனா? உயர்தர வகுப்பு கேட்டுக் கல்விக் கந்தோருக்குப் போன வழியில், நான் முறைத்த முறைப்பில் ஒரு கொம்பன் யானை சீகிரியாவுக்கே ஓடியதாகச் சொன்னேன். முத்துபண்டா என்று அதற்குப் பெயரும் வைத்தேன். மண்டபம் குலுங்கியது. அதிபர் பொன்னாடை போர்த்தி, "இந்த வகுப்பைக் கொண்டுவந்ததே ஐயாதான்" என்றார். நான் தலையை ஆட்டினேன், மச்சான். ஆட்டிவிட்டேன்.

எதிரே உங்கள் மகள் சாந்தி உட்கார்ந்திருந்தாள்.

போதிய பிள்ளைகள் சேர்ந்தால்தான் வகுப்பு என்று கந்தோர் அதிகாரிகள் சொன்னபோது ஊரே பின்வாங்கியது. நானும் என் மகனை மாத்தளை டவுனிலேயே படிக்க விட்டேன். நீங்கள்தான் டவுனில் படித்த சாந்தியைக் கொண்டுவந்து முதல் ஆளாகச் சேர்த்தீர்கள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். இரசாயனத்துக்கு ஆசிரியரே வரவில்லை. டொக்டராக ஆசைப்பட்டவள் இன்று பாமசியில் நின்று டொக்டர்மாரின் கிறுக்கலை வாசிக்கிறாள்.

விழா முடிந்ததும் தேத்தண்ணீரோடு அவளிடம் போனேன்.

"எப்பிடிடி மாமாவோட பேச்சு?"

"நல்லா இருந்துச்சு மாமா. யானைக்குக்கூட பேரு சொன்னீங்க. எம்பேரு ஞாபகம் வரலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பொன்னாடையைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வீடு வந்தேன். அவளை இங்கே சேர்த்ததற்காக நீங்கள் எப்போதாவது வருந்தினீர்களா? உயிரோடு இருந்தபோது நான் கேட்கவே இல்லையே.

அதிபரிடம் பேசிவிட்டேன். சாந்தியையும் கூப்பிட்டேன். "எனக்குக் கடை இருக்கு மாமா, பேசணும்னா நீங்க போய் பேசுங்க" என்கிறாள். அவள் வராவிட்டாலும், திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அவள் பெயரைச் சொல்வேன். ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், மச்சான். நடந்ததே பெரிசு.

வெட்கத்தோடு,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
சாந்தியின் தாய்மாமன்,
சின்னராசு