அது குறட்டை இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்; நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

நேற்று மதியம் எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு அறைக்கு ஒரு அம்மா போன் செய்தார். "வீட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டாரு, வண்டி அனுப்புங்க" என்று முகவரியும் சொன்னார். உடனே, " இப்போ பரவாயில்ல, குறட்டை விடுறாரு. வண்டி வேணாம்மா" என்றார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. இதயம் நின்றபின் சிலருக்கு வரும் சத்தம் அது. வண்டியை அனுப்பச் சொல்லிவிட்டு, "அது குறட்டை இல்லம்மா. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க. நானும் கூட எண்ணுறேன்" என்றேன். ஒன்பது நிமிடம் இருவரும் சேர்ந்து எண்ணினோம். வண்டி வந்ததும் போன் கட்டாகிவிட்டது. பிழைத்தாரா என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு உதவி. "இந்த மனுஷன் லாரி ஓட்டுறாரு" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடாதீர்கள். அப்பாவின் குறட்டையை போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். நல்ல குறட்டை கேட்டு நாளாயிற்று.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்