பதினோரு வருசம் கேட்ட காது

குரங்கணி,
12.8.1985

கிளிக்குட்டி,

உன் ஆத்தா எழுதுகிறேன். காமாலையில் நீ செத்து மூன்று வருசமாகிறது, இந்தக் கடுதாசியைத் தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார் என்று உங்கப்பா கேட்கிறார். காது கேட்காத எனக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டியே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நீ. உனக்கு எழுதாமல் யாருக்கு எழுத?

மதுரையில் ஆபரேசன் பண்ணி, கேட்கிறதுக்கு என் காதுக்குள் வைத்தார்களே கம்பி, அது விலகிவிட்டது. பதினோரு வருசம் உழைத்தது. சித்திரையிலிருந்தே சேவல் எங்கோ தூரத்தில் கூவுகிற மாதிரி இருந்தது. ஏலத்தோட்டத்தில் மஞ்சு இறங்கினால் பக்கத்து ஆள் தெரியாது, கூவிக்கூவித்தான் இருக்கிற இடம் சொல்வோம். போன மாசம் உன் அத்தை மொக்கம்மாள் கூவியது கேட்காமல் காட்டுமாட்டுக்கு நேரே நடந்துவிட்டேன். இனி வேலைக்கு வராதே என்று கங்காணி சொல்லிவிட்டார்.

வருசா வருசம் சோதித்துப் பார்க்கிற அதே டாக்டரிடம் போனேன். பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கலாம், ஆனால் மறுபடி திறந்தால் இருக்கிற கொஞ்சமும் போனாலும் போகும் என்றார். வையுங்கள் என்றேன்.

வீட்டில் ஒரே ரகளை. "மகளே போயிட்டா, இனி யாரு பேச்சக் கேக்கப் போற?" என்கிறார் உங்கப்பா. "ஒப்பாரி கேக்கவா மதினி காது?" என்கிறாள் மொக்கம்மாள். நீ பிறந்த பிறகு என் காது மந்தமானதும், ஆத்தா காதைத் தின்ன பிள்ளை என்று உன்னைச் சொன்ன ஊர்தானே இது. உன் பதினாறு வயசில் என் கையைப் பிடித்து மதுரைக்கு ரயிலேற்றியது யார்? தின்ற பிள்ளையா?

"எம் மக வச்ச காதுய்யா இது. அவளத்தான் காப்பாத்த முடியல. இதையும் விட்டுட்டு உக்காரணுமா?" என்று கத்தினேன். உங்கப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இன்று காலையில் என் சேலையை மடித்துப் பையில் வைத்தது அவர்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நாளைக்கு ரயில். எனக்குப் பயமில்லை. முதல் ஆபரேசன் அன்றைக்கு மேசையில் படுத்திருக்கும்போதே தட்டில் கத்தரி விழுந்த சத்தம் கேட்டதடி. கட்டுப் பிரித்ததும் நீ ஒரு வார்த்தை பேசாமல் அழுதாய். "எதையாச்சும் பேசித் தொலைடி" என்று நான்தான் திட்டினேன்.

சின்னப் பிள்ளையில் நான் அடுப்பூதும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு ஏதேதோ பேசுவாய். முதுகில் அதிர்வது தெரியும், சொல் தெரியாது. காது வந்த பிறகு அது என்னவென்று கேட்டேன். "ஒனக்குக் கேக்காதுன்னுதான சொன்னேன், போத்தா" என்று ஓடிவிட்டாய்.

புதுக் கம்பி நின்றாலும் சரி, உள்ளதும் போனாலும் சரி, இவர்கள் முன்னால் நான் அழமாட்டேன். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. இதை மட்டும் சொல். என் முதுகோடு அப்படி என்னதான் பேசினாய், கிளிக்குட்டி?

உன் ஆத்தா,
குருவம்மாள்