மூன்றாம் காட்சிமுனையில் கழற்றிய கீழ்க்கம்பியை மாட்டக் கோரி

அனுப்புநர்:
இரண்டரை வயதுக் குழந்தையின் தாய்,
அறை எண் 6, பூங்கா விடுதி.

பெறுநர்:
தலைமை வனக் காப்பாளர் அவர்கள்,
தேசியப் பூங்கா நிர்வாக அலுவலகம்.

பொருள்: மலைச்சாலையின் மூன்றாம் காட்சிமுனையில் தடுப்பின் கீழ்க்கம்பி இல்லாதது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. இன்று மாலை நானும் கணவரும் குழந்தையுடன் தங்கள் மலைச்சாலையில் சென்றோம். சாலையின் அழகில் குறையில்லை. மூன்றாம் காட்சிமுனையில் படமெடுக்க நின்றபோது குழந்தையின் கையை விட்டேன், கண்ணிமைக்கும் நேரம்தான். திரும்பினால், தடுப்புக்கு அடியில் குப்புறப் படுத்து, தலையும் தோளும் பள்ளத்தின் பக்கம் நீட்டி, "அம்மா, மேகம் கீழ இருக்கு!" என்கிறாள். காலைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளை மடியில் பிடித்தபடியே இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்தருளவும்.

2. மற்ற முனைகளில் தடுப்புக்கு மூன்று கம்பிகள். இங்கு மட்டும் இரண்டு. கீழ்க்கம்பி உடையவில்லை. போல்ட்டைக் கழற்றி, பத்திரமாகச் சுவரோரம் சாத்தியிருக்கிறார்கள். அங்கிருந்த பூங்காக் காவலரைக் கேட்டேன். "பெருக்கிப் பள்ளத்துல தள்ளறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சும்மா. குப்பைய அள்ளி வண்டி வரைக்கும் யார் தூக்கிட்டு நடக்கிறது?" என்றார். பூங்கா வாசலில் ஒரு பிஸ்கட் உறைக்காக எங்கள் பையைக் கொட்டிச் சோதித்தவர்களும் தங்கள் ஊழியர்களே.

3. மாட்டச் சொன்னதற்கு, "ஸ்பானர் ஆபீஸ்ல இருக்கு. பிள்ளைய நீங்க பிடிச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். கீழே அலுவலகத்தில், அது பராமரிப்புப் பிரிவின் வேலை என்றார்கள். பராமரிப்புப் பிரிவு பூட்டிக் கிடந்தது. ஐயா, கையை விட்டது என் தவறுதான். அதைச் சொல்லிக்காட்ட வீட்டில் மாமியார் இருக்கிறார். ஆனால் தடுப்பு என்று ஒன்றைக் கட்டுவதே, கை தவறும் அந்த நொடிக்காகத்தானே?

4. நாளை காலை ஒரு மழலையர் பள்ளியின் இரண்டு பேருந்துகள் மேலே போவதாக விடுதி வரவேற்பாளர் சொன்னார். எந்த ஆசிரியைக்கும் இரண்டு கைகள்தான். அதனால்தான் விடியும்வரை காத்திராமல் இதை எழுதித் தங்கள் இல்லக் காவலாளியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

சாலையைத் திறக்கும் முன் கம்பியை மாட்டித் தரவேண்டும். முடியாவிட்டால் அந்த முனையை மூடிவிடவேண்டும். இப்போதைக்கு இடைவெளியில் என் சால்வையைக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருப்பதாகக் காவலர் முகம் சுளித்தார். கம்பி ஏறும்வரை அதை யாரும் அவிழ்க்கக் கூடாதென்று ஆணையிடுங்கள். சால்வை எனக்குத் திரும்ப வேண்டாம்.

இடம்: பூங்கா விடுதி
நாள்: ஞாயிறு இரவு

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழந்தையின் தாய்