தீவுச் சரக்கும் சம்பந்தியின் கண்ணும்

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

சிவபிரகாஷ் ஜெர்மனி கிளம்பும்போது சொன்னான்: "மாமா, ஸ்காட்லாந்து பையர் குடுத்த விஸ்கி பாட்டில் செக்கிங் அலமாரில இருக்குது. எனக்கு ஆகாதுங்க. நீங்க எடுத்துக்கங்க."

அக்கா மகன்தான் முதலாளி. ஆனால் பனியன் கம்பெனியைத் தாங்குவது இந்தப் பூபாலன். எட்டாவதோடு நின்றவன், துணியை மோந்தே எந்தப் பட்டறைச் சாயம் என்று சொல்லிவிடுவேன். அதைப் பார்த்து அசந்துபோய் வெள்ளைக்காரன் என் கையில் கொடுத்த பாட்டில் என்றுதான் வெளியில் சொல்லியிருக்கிறேன். கொடுத்திருப்பான். நான் அன்று லீவு.

24, ஞாயிறு

என் மகள் அனிதாவைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வந்தார்கள். கறிச் சோறு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா மாரப்பனை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஊற்றினேன்.

"தேன் கலர் பாருங்க."

"ஆமாங்க, அருமையான கலருங்க."

நானே படகில் போய்ப் பார்த்த ஸ்காட்லாந்துத் தீவின் சரக்கு, இங்கிலாந்து ராஜா வீட்டுக்கு வருசம் பத்து பாட்டில், எனக்கு ஒன்று என்றேன். அவர் இரண்டு பெக் முடித்தார். அப்புறம்தான் நான் வாயில் வைத்தேன்.

டிங்சர். தார். எரிந்த கரி. கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பிவிட்டேன். பாதி உள்ளே போய்விட்டது.

இது மனிதன் குடிக்கிற சாமானா?

25, திங்கள்

அலமாரியில் இன்னும் இரண்டு வெளிநாட்டு பாட்டில்கள். இரண்டிலும் கறை எடுக்கிற மருந்து. பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் ஸ்பிரே அடிக்கிற மருந்து பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுகிறது. அதனால் காலி சரக்கு பாட்டிலில் ஊற்றி வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். லேபிளைக்கூடக் கிழிப்பதில்லை. அந்த யோசனையே என்னுடையது. பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பிரே அடிக்கிற ராமுத்தாயைக் கேட்டேன். "எதுல ஊத்துனேன்னு யாருண்ணே ஞாபகம் வச்சா? காலியா இருந்ததுல ஊத்துனேன்."

மோந்து பார்த்தேன். மூன்றிலும் நெடி. என்ன நெடி? தெரியவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன் — இருபது வருசம் அந்த ஸ்பிரேயில் நின்று என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

விஷச் சரக்கு முதலில் கண்ணைத்தான் பிடுங்கும் என்பார்கள்.

26, செவ்வாய்

லென்ஸ் வைத்து பனியன் துணியின் கண்ணிகளை எண்ணினேன். இடது கண்ணுக்கு முப்பத்திரண்டு. வலது கண்ணுக்கு முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன் — முப்பது.

மாரப்பன் போன் எடுக்கவில்லை.

27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வாயில் இருக்கும்போது அனிதா சொன்னாள்: "அவுங்கப்பா கோயமுத்தூர் ஆஸ்பத்திரில இருக்காங்களாம்ப்பா. கண்ணுல என்னமோ ஆச்சாம்."

வாயில் இருந்ததைக் கையில் துப்பினேன். ஐயோ சாமி, நான் என்ன பண்ணிட்டேன்! என் புள்ளை வாழப்போற ஊடு அது. அந்த மனுசன் கண்ணை நானே அவிச்சுட்டேனே...

சிவபிரகாஷுக்கு போன் போட்டேன். சிரிக்கிறான். "அது அப்படித்தான் இருக்குங்க மாமா. அந்தத் தீவுல மரங்கிரம் கம்மி. சதுப்பு நிலத்து மண்ணை வெட்டி, காயவெச்சு, வறட்டியாட்டம் எரிப்பாங்க. முளைகட்டுன பார்லிய அந்தப் புகையில உலத்துறதுதான். கடலோரத்துல பீப்பாய்ல பத்து வருசம் கெடக்கும். புகையும் உப்பும் சேந்து டிங்சராட்டமே அடிக்கும்."

உயிர் வந்தது. உடனே கேட்டான்: "ஆமா, நீங்க எந்த பாட்டில் எடுத்தீங்க? அதுல மருந்து பாட்டிலும் இருக்குமே?"

சிரிப்பை நிறுத்திவிட்டான்.

28, வியாழன்

கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போனேன். அவிநாசி தாண்டும்போது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

மாரப்பன் ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில். காலடியில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். மருந்து பாட்டில், செத்த மூக்கு, எல்லாம். "தீவை நான் படத்துலகூடப் பாத்ததில்லீங்க. படகும் பொய், ராஜாவும் பொய். என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க. புள்ளைய மட்டும் வேண்டாங்காதீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க. இது கண்புரைங்க. ஆபரேசனுக்குப் போன மாசமே தேதி வாங்குனது. பொண்ணு பாக்கப் போற எடத்துல, சம்பந்தி கண்ணு தெரியாதவருன்னு சொல்லிருவீங்களோன்னு நாந்தான் மறைச்சேன்."

"அப்ப அந்தச் சரக்கு?"

"கண்ணு மங்குனதுல இருந்து மூக்குதானுங்க எனக்கு எல்லாம். நனைஞ்ச சோளத்தட்டுப் போர்ல தீப்புடிச்சு, அணைச்சு வுட்டா வருமே, அந்த வாசம். முழுங்குனப்புறம் கருப்பட்டியாட்டம் ஒரு இனிப்பு நின்னுச்சு. நெசச் சரக்குங்க அது."

அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்குத்தான் கட்டு அவுக்கறாங்க. அந்தப் படகுக் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க."

"பொய்தானுங்களே!"

"தெரியுமுங்க. பொழுது போவோணுமில்ல, சொல்லுங்க."

சொன்னேன். இந்தமுறை அலை கொஞ்சம் பெரிது.

4 செப்டம்பர், வியாழன்

நிச்சயம் முடிந்தது. மீதிச் சரக்கை மாடியில் ஊற்றினேன். சம்பந்தி கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு கிளாஸை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, தேன் கலருன்னீங்க, நானும் கண்ணு தெரியாம ஆமான்னுட்டேன். இது வைக்கோல் நனைச்ச தண்ணியாட்டம் வெளுப்பா இருக்குதுங்களே?"

வெளுப்புதானுங்க என்றேன்.

இங்கேயும் எழுதி வைக்கிறேன்: வெளுப்புதான்.