டிரம்மின் மேலிருக்கும் போர்டு பழுதாகவில்லை

ஸ்மிதா,

நீ கோயிலிலிருந்து திரும்புமுன் நான் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் டிரம்மின் மேல் நீ பொருத்திய, நீர்மட்டம் அளக்கும் எலக்ட்ரானிக் போர்டு பழுதாகவில்லை. நேற்று, "லைட்டே எரியலை, கராப் மால், மட்டமான சரக்கு, திருப்பிக் குடுத்துடு" என்று நான் சொன்னது தவறு. "சரி, மீட்டிங்ல காட்டலை, விடுங்கோ" என்றாய்.

அதன் கையேட்டை இன்று காலையில்தான் முழுமையாகப் படித்தேன். சின்ன பேட்டரி ஒரு வருடம் தாங்க வேண்டுமென்பதால், அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தண்ணீர் மட்டத்தை அளந்து, லேப்டாப்புக்கு அனுப்பிவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது. விளக்கெரிப்பது அதன் வேலையன்று. நான் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

ஆகவே மாலையில் நம் கட்டடத்து சொசைட்டி மீட்டிங்கில் அதை நீ அவசியம் காட்ட வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் பொருத்த ஒப்புக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். நானும் வருவேன், வாய் திறக்க மாட்டேன்.

அடை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பதினொரு மணிக்கு கேஸ் சிலிண்டர் வரும்.

நாணு

பி.கு.: இதுவரை நான்கு அளவுகள் வந்திருக்கின்றன.

இன்னொன்று: ஐந்தாவதையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று உட்கார்ந்ததில் 8.52 லோக்கல் ரயில் போய்விட்டது.