வெள்ளிக்கிழமை மோத வந்த செவ்வாய்

அன்புள்ள பெரியவளுக்கு, இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டி வலி மட்டும் அவருக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால் கடிதம்.

என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோளைக் கொடுத்து, கணினி அறையில் இணையத்தில் தேடிக் குறிப்பெடுக்கச் சொல்லியிருந்தேன். வகுப்பே ‘வாயாடி’ என்று கூப்பிடும் பெண்ணுக்குச் செவ்வாய். போன வெள்ளிக்கிழமை அவள் வாயே திறக்கவில்லை. என்னடி ஆச்சு என்றதற்கு "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள், நானும் இன்னொரு பிள்ளையின் கணினி நின்றுபோனதைப் பார்க்கப் போய்விட்டேன். இடைவேளை முடிந்து வந்தால் அவள் இருக்கை காலி. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் தம்பியையும் காணோம், "அம்மா வந்திருக்காங்க" என்று சொல்லி அவளே கூட்டிப் போனாளாம். வெளியே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. வாசல் வழியாக யாரும் போகவில்லை என்று காவலாளி சத்தியம் செய்கிறார், தலைமையாசிரியை போலீசுக்கு போன் போடுகிறார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

என்ன தோன்றியதோ, அவள் கணினியில் கடைசியாகப் பார்த்த பக்கத்தைத் திறந்தேன். செவ்வாய் பாதை மாறிவிட்டதாம், இந்த வெள்ளிக்கிழமை மதியம் பூமியில் மோதுமாம், தரைக்கு அடியில் ஒளிபவர்கள்தான் பிழைப்பார்களாம். அதைப் படித்ததும் பின்பக்கத்துப் பள்ளம் நினைவுக்கு வந்தது. மழைநீர்க் குழாய் பதிக்கப் பள்ளியின் பின்சுவரை இடித்து, அங்கே பெரிய பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினேன், பள்ளி வேன் டிரைவர் பின்னாலேயே வந்தார். பள்ளத்தில் இறக்கியிருந்த பெரிய குழாய்க்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, தண்ணீர் தம்பியின் மார்பு வரை. வெளியே வா என்று கத்தினால், "மிஸ், நீங்களும் உள்ள வந்துடுங்க, இடம் இருக்கு" என்று என்னைக் கூப்பிடுகிறாள். டிரைவர் குனிந்து புகுந்து முதலில் தம்பியை நீட்டினார், பிறகு அழுது திமிறிய அவளை. நாங்கள் மேலே ஏறிய சற்று நேரத்தில் பள்ளத்தின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை இனி இணையமே வேண்டாம் என்றார். "இங்க மூடினா வீட்டுல தனியா பார்ப்பாங்க மேடம், என் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும்" என்று முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். முறைத்தார், ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். வாயாடியை அருகில் வைத்துக்கொண்டு அதே பக்கத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை வருகிற செவ்வாயா, கிழமைகூடத் தெரியாத கோளடி இது என்றேன், சிரிக்கவில்லை. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. கீழே தள்ளிப் பார்த்தால் போன வருடமும் இதே மோதல், தேதி மட்டும் வேறு. அப்புறம் விண்வெளி ஆய்வு மையத்தின் பக்கத்தில் செவ்வாயின் பாதையைக் காட்டினேன். விரலால் திரையில் அதை மெல்லச் சுற்றி வந்தாள், மறுபடியும் சுற்றினாள்.

நேற்று வகுப்பின் முன் நின்று தன் செவ்வாய்க் குறிப்பை வாசித்து, "செவ்வாய் அதோட பாதையிலதான் போகுது. நானும் தம்பியும்தான் பாதை மாறிப் போயிட்டோம்" என்று முடித்தாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நான் வரச் சொல்லியிருந்ததால் கடைசி வரிசையில் தம்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவள் அம்மாவும் சிரிக்கவில்லை.

உன் சித்தப்பா குடும்பக் குழுவில் போடுவதையெல்லாம் நீயும் நாலு பேருக்குத் தள்ளிவிடாதே, யார் சொன்னது என்று முதலில் பார். தனியாக இருக்கிறவள், பயமாக இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறந்துவிடாதே, அப்பா காலையிலிருந்தே அதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா